பெரியப்பாவின் பணம்: டேனியல் ஓ'கானலின் கடல்கடந்த படிப்பும் ஒரு கெர்ரிக் குடும்பத்தின் கணக்கும்

1792 செப்டம்பரில் வடக்குப் பிரான்சின் டூவே நகரிலிருந்த ஆங்கிலக் கத்தோலிக்கக் கல்லூரியிலிருந்து, பதினேழு வயது மாணவன் ஒருவன் அயர்லாந்தின் தென்மேற்குக் கோடியில் வாழ்ந்த தன் பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதினான். இங்கே பகலுணவில் வைக்கும் பங்கு மிகச் சிறியது; மற்ற மாணவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு பவுண்டு கூடுதலாகக் கட்டி இரண்டாம் முறையும் வாங்கிக்கொள்கிறார்கள்; எங்களுக்கும் இசைவு தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம், ஆனால் அது தங்கள் விருப்பம் என்பது அவன் எழுதியதன் சாரம். அதே மாதத்தின் முதல் வாரத்தில்தான் பாரிஸ் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தனர். ஐரோப்பாவின் மிகப்பெரிய அரசியல் எரிமலையின் விளிம்பில் நின்றுகொண்டு, இன்னொரு கரண்டிச் சோற்றுக்கு அனுமதி கேட்கிறான் அந்தப் பையன்.

அவன் பெயர் டேனியல் ஓ'கானல். 1828இல் கிளேர் தொகுதியில் வென்று, மறு ஆண்டே கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றக் கதவைத் திறக்கவைத்த அதே ஓ'கானல்தான். அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் இந்தக் கடிதத்தை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். மேதை ஒருவர் எங்கே படித்தார் என்பதே அவற்றின் கேள்வி. அந்தப் படிப்புக்கான பணம் எந்த நிலத்திலிருந்து, எந்தக் கடல்வழியாக, யாருடைய கையால் வந்தது என்ற கேள்வி அவற்றில் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது. கடிதங்களை அந்தக் கேள்வியோடு திரும்பப் படித்தால், ஒரு தனிமனிதனின் வளர்ச்சிக் கதைக்குப் பதிலாக ஒரு வேளாண் குடும்பத்தின் முதலீட்டுக் கணக்கு நம் முன் விரிகிறது. இப்பதிவு அந்தக் கணக்கைப் பற்றியது.

முதலில் உறவுமுறை. ஆங்கில நூல்கள் டேனியலின் தந்தையுடன் பிறந்தவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லால் சுட்டுவதால், யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது மங்கிப்போகிறது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. டெரினேன் வீட்டில் குடும்பத் தலைவராக இருந்த மாரிஸ் ஓ'கானல் (1728–1825) டேனியலுக்குப் பெரியப்பா. நீர்நாய் ரோமத் தொப்பிக்கு அரசு வரி விதித்தபோது, அந்த வரியைக் கட்ட மனமின்றி வேட்டைக்காரர் அணியும் குல்லாயைப் போட்டுக்கொண்டு திரிந்தவர் அவர். அதனால் ‘வேட்டைக்குல்லாய்’ என்ற பட்டப்பெயர் இறுதிவரை ஒட்டிக்கொண்டது. மனிதரின் குணத்தை அந்த ஒரு பெயரே சொல்லிவிடும். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து தளபதி நிலைக்கு உயர்ந்து கோமகன் பட்டமும் பெற்ற இன்னொரு டேனியல் ஓ'கானல் நம் மாணவனுக்குச் சித்தப்பா. இருவருக்கும் இடையில் பிறந்த மார்கன்தான் தந்தை. கஹர்சிவீன் அருகே கார்ஹன் என்னும் இடத்தில் நிலம் வைத்து உழவும் மாடு வளர்ப்பும் செய்து, கூடவே பலசரக்குக் கடையும் நடத்தியவர். அவருக்குப் பிள்ளைகள் பலர், டேனியல் தலைமகன். பெரியப்பாவுக்குக் குழந்தை இல்லை. ஆகவே தம்பியின் மூத்த மகன் டேனியலையும் அடுத்தவன் மாரிஸையும் அவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அனுப்புவது என்ற முடிவு அவருடையது. எங்கே அனுப்புவது என்ற யோசனை சித்தப்பாவுடையது. பெற்றோருக்கு இதில் இருந்த குரல் சிறியது.

ஐவெரா தீபகற்பத்தின் நிலம் உழவுக்கு இணங்கும் நிலமன்று. பாறையும் சதுப்பும் ஓயாத மழையும் உள்ள அந்தக் கரையில் புல்தான் விளைச்சல். புல்லை மாடு தின்ன, மாட்டிலிருந்து பாலும் வெண்ணெயும் தோலும் உப்பிட்ட இறைச்சியும் வந்தன. 1660களில் இங்கிலாந்து நாடாளுமன்றம் அயர்லாந்தின் உயிர்மாடுகளைத் தன் சந்தைக்குள் விட மறுத்தது. அதன் விளைவாக அயர்லாந்தின் தென்பகுதி மாட்டை மாடாக விற்பதை விட்டு, வெண்ணெயாகவும் உப்பிறைச்சியாகவும் விற்கக் கற்றுக்கொண்டது. 1770 வாக்கில் கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை தர முத்திரையுடன் ஒழுங்குபடுத்தப்பட்டபின், கெர்ரியின் மலைப்பாதைகளில் மரத்தொட்டிகளில் வெண்ணெய் சுமந்த குதிரைகள் வரிசையாகக் கார்க்கை நோக்கிச் சென்றன. அங்கிருந்து அது அட்லாண்டிக் உலகெங்கும் போயிற்று. கெர்ரி மண்ணில் ரொக்கம் என்பது பெரும்பாலும் பாலின் உருமாற்றம்.

ஆனால் அந்த ரொக்கத்தை ஒரு கத்தோலிக்கர் எதில் போட்டுவைப்பது? இங்கேதான் தண்டனைச் சட்டங்கள் என்று வழங்கப்படும் சட்டத் தொகுப்பு குறுக்கே வருகிறது. 1704ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்கர் நிலம் வாங்க இயலாது. முப்பத்தோராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எடுக்க இயலாது. இருக்கிற நிலமும் தந்தை இறந்தபின் எல்லா மகன்களுக்கும் சமமாகப் பங்கிடப்படவேண்டும், மூத்தவன் அரசின் திருச்சபைக்கு மாறினாலொழிய. ஒரு தலைமுறைக்குள் பெருநிலம் துண்டுநிலமாகிவிட வேண்டும் என்பதே நோக்கம். ஓ'கானல்கள் தப்பியதற்குக் காரணம், அவர்கள் நிலம் நம்பிக்கைக்குரிய புராட்டஸ்டண்டுப் பெயர்களின் பின்னால் மறைந்திருந்ததும், தேடிவந்து பறிக்கத்தக்க வளம் அந்தப் பாறைக்கரையில் யார் கண்ணுக்கும் தெரியாததும்தான். 1778இலும் 1782இலும் வந்த தளர்வுச் சட்டங்கள்வரை இந்த நிலை நீடித்தது.

நிலத்தில் போட முடியாத பணத்தைப் பிள்ளையின் கல்வியில் போடலாம். கல்வியைப் பங்கிட முடியாது, பறிக்கவும் முடியாது. சட்டம் இயற்றியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் 1695இலேயே, நிலச் சட்டத்துக்கு ஒன்பதாண்டு முன்பே, அயல்நாட்டுக் கல்வியைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. பிள்ளையைக் கடல்கடந்து கத்தோலிக்கக் கல்விக்கு அனுப்பியவர், போனவர், பணம் அனுப்பியவர் எல்லோரும் குற்றவாளிகள். வழக்குத் தொடுக்கும் உரிமை, காப்பாளராக இருக்கும் உரிமை, மரபுரிமைச் சொத்து, அசையும் பொருள் அனைத்தும் போகும். காட்டிக்கொடுத்தவருக்குப் பங்கும் உண்டு. உள்நாட்டிலும் கத்தோலிக்கர் பள்ளி நடத்தக்கூடாது. ஒரு சமூகத்தின் படிப்பை இரு முனையிலும் அடைத்த ஏற்பாடு அது.

நடைமுறையில் இச்சட்டங்கள் எவ்வளவு கடுமையாகச் செயல்பட்டன என்பது வரலாற்றாசிரியர்களிடையே பழைய விவாதம். லூயி கல்லன் போன்றோர், கத்தோலிக்க வணிகரும் குத்தகைப் பெருங்குடியினரும் பதினெட்டாம் நூற்றாண்டில் நசுங்கிப்போகவில்லை, பலர் செழித்தும் இருந்தனர் என்று காட்டியுள்ளனர். ஓ'கானல் குடும்பம் அந்த வாதத்துக்கு நல்ல சான்று. ஆயினும் செயல்படாத சட்டம் இல்லாத சட்டம் ஆகிவிடாது. 1773 மே மாதத்தில் பெரியப்பாவின் தங்கை எய்லீன் துவ்வின் கணவர் ஆர்ட் ஓ'லியரி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்திரியப் படையில் பணியாற்றித் திரும்பியவர் அவர். கத்தோலிக்கர் ஐந்து பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக்கூடாது என்ற, எல்லோரும் மறந்துவிட்டதாக நினைத்த விதியைக் காட்டி உள்ளூர் அதிகாரி ஒருவர் அவருடைய குதிரையைக் கேட்டதாகவும், அவர் மறுத்ததாகவும் மரபு சொல்கிறது. எய்லீன் பாடியதாக வழங்கும் ஒப்பாரி ஐரிஷ் மொழியின் தலைசிறந்த கவிதைகளுள் ஒன்று. அத்தை கைம்பெண்ணானபோது டேனியல் பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் எவரும் சட்டத்தை வெறும் தாளாக எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

இனிப் படகு. டெரினேன் வீட்டின் முன்னால் மணற்கரை, அதன் பின் தீவுகள் மறைத்த ஒதுக்கமான துறை. 1699ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்தின் கம்பளித் துணியை வெளிநாடுகளுக்கு அனுப்பத் தடைவிதித்தது; மூலக் கம்பளியும் இங்கிலாந்துக்கு மட்டுமே போகலாம். பிரான்சோ அதற்கு நல்ல விலை தரக் காத்திருந்தது. எனவே கெர்ரியின் துறைகளிலிருந்து கம்பளியும் தோலும் இரவில் பிரான்சுக்குப் போயின. திரும்பும் படகில் பிராந்தி, வைன், தேயிலை, புகையிலை, பட்டு வந்தன. இந்த வணிகத்தைக் கள்ளக்கடத்தல் என்பது சுங்க அதிகாரியின் மொழி. கரையோர மக்களுக்கு அது வேளாண்மையின் மறுபாதி; பண்ணையின் விளைபொருளைக் கொண்டுபோக இருந்த நல்ல சாலை கடல்தான். பெரியப்பாவின் செல்வத்தில் குத்தகை வருமானம், மாடு, வட்டி ஆகியவற்றோடு இந்தப் படகுகளும் கணிசமான பங்கு வகித்தன.

அதே படகுகளில்தான் பையன்களும் போனார்கள். படைக்கு ஆள்சேர்க்கப்பட்டவர்கள், குருமடத்துக்குப் போகிறவர்கள், வணிகம் பழகப் போகிறவர்கள் எல்லோரும் கம்பளி மூட்டைகளோடு ஏறினர். கம்பளி, மாணவன், வீரன் என்று அரசு தடைசெய்த மூன்று ஏற்றுமதிகளுக்கும் ஒரே கப்பல். பெரும்பாலும் ஒரே முகவர். நாந்து, போர்தோ போன்ற துறைமுகங்களில் குடியேறியிருந்த ஐரிஷ் வணிகர்கள் பிராந்திக்கான பணத்தையும் பிள்ளையின் உணவுக்கான பணத்தையும் ஒரே உண்டியல் முறியில் தீர்த்துவைக்க முடிந்தது. பெரியப்பாவின் தாய்க்கு இருபத்திரண்டு பிள்ளைகள் பிறந்ததாகக் குடும்ப மரபு. அவர்களில் கடல்கடந்தவர்கள் பலர். அனுப்புவது அந்த வீட்டுக்குப் புதிதன்று.

இங்கே சற்று விலகி, ஓ'கானல்களைப்போல் வசதியற்ற உழவர் வீடுகள் என்ன செய்தன என்பதையும் பார்க்கவேண்டும். அதைப் பார்க்காமல் டெரினேனை மட்டும் பேசினால் படம் சாய்ந்துவிடும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சலமாங்காவில் தொடங்கி, லூவேன், பாரிஸ், போர்தோ, லிஸ்பன், ரோம் என்று ஐரோப்பாவெங்கும் ஐரிஷ் கல்லூரிகள் எழுந்தன. அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளையைத் தாங்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நிவந்தம். வெளிநாட்டில் வாழ்ந்து மறைந்த ஐரிஷ் குரு ஒருவர் தம் சேமிப்பை முதலாக வைத்து, அதன் வட்டியில் தம் குலத்தவனோ தம் மறைமாவட்டத்தவனோ ஒருவன் படிக்கவேண்டும் என்று எழுதிவைப்பார். அதனால் மாணவர் இடம் ஒரு குடும்பச் சொத்துப்போல் பெரியப்பனிடமிருந்து தம்பி மகனுக்குப் போயிற்று. வம்சாவளி எழுதிக் காட்டிச் சண்டையிட்ட வழக்குகளும் உண்டு. கோயில் நிவந்தங்களைக் கல்வெட்டில் படித்தவர்களுக்கு இந்த அமைப்பின் உயிர்நாடி எளிதில் பிடிபடும்.

இரண்டாவது வழி இன்னும் விசித்திரமானது. இன்றைய முறைப்படி படித்து முடித்தபின் குருப்பட்டம். ஐரிஷ் ஏழைகளின் முறையோ தலைகீழ்: ஊரிலேயே வேலியோரப் பள்ளியில் கொஞ்சம் லத்தீன் கற்று, ஆயரிடம் முதலில் குருப்பட்டம் பெற்றுவிட்டு, பிறகு பாரிசுக்குப் படிக்கப் போவது. காரணம் பொருளியல்தான். குருவானவர் நாள்தோறும் நிறைவேற்றும் பூசைக்குக் காணிக்கை உண்டு. அந்தக் காணிக்கையிலேயே அவர் உண்டு, உடுத்து, ஆண்டுக்கணக்கில் தத்துவமும் இறையியலும் படித்துவிடலாம். வீட்டார் தரவேண்டியது வழிச்செலவும் துணிமணியும் மட்டுமே. படிப்பு முடிந்தபின் திரும்பாமல் பிரான்சிலேயே தங்கிவிடுகிறார்கள் என்று ஆயர்கள் குறைபட்டதும் உண்டு. பாரிசில் இந்த இளங்குருக்களுக்கு லொம்பார்துக் கல்லூரி என்று ஒரு வீடும், பட்டம் பெறாத சிறுவர்களுக்குத் தனியாக இன்னொரு வீடும் இருந்தன. 1789 நிலவரமாகப் பின்னாளில் தொகுக்கப்பட்ட கணக்கு ஒன்று ஐரோப்பாவிலிருந்த ஐரிஷ் குருமட மாணவர்களை 478 என்கிறது: பிரான்சில் 348, அதில் பாரிசில் மட்டும் 180, லூவேனில் 40, சலமாங்காவில் 32, ஆண்ட்வெர்ப்பில் 30, ரோமில் 16, லிஸ்பனில் 12. பெரும் எண்ணிக்கையாகத் தோன்றாது. ஆனால் ஒவ்வொரு தலைக்கும் பின்னால் ஒரு வீடும், அந்த வீட்டின் சில ஆண்டுச் சேமிப்பும் நிற்பதை நினைத்துப் படிக்கவேண்டிய அட்டவணை அது.

மார்கனின் பிள்ளைகளுக்குக் குருப்பட்டம் நோக்கமன்று, நிவந்தமும் தேவைப்படவில்லை. 1782க்குப் பின் உள்நாட்டில் கத்தோலிக்கப் பள்ளி நடத்துவது சட்டப்படி இயலும் என்றானதும், கார்க் துறைமுகத்தை அடுத்த கோவ் அருகே ஹாரிங்டன் என்ற குருவானவர் நடத்திய பள்ளிக்கு முதலில் இருவரும் அனுப்பப்பட்டனர். பிறகு 1791இல் ஐரோப்பா. உள்ளூரில் பள்ளி இருந்தும் ஏன் அனுப்பினார் பெரியப்பா என்று கேட்கலாம். பள்ளி இருந்தது, கல்லூரி இல்லை. டப்ளினின் டிரினிட்டி கல்லூரி கத்தோலிக்கருக்குப் பட்டம் தரத் தொடங்கியது 1793இல்தான். கூடவே சித்தப்பாவின் படைவாழ்க்கை காட்டிய வழியும் கண்முன் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வழி அதே ஆண்டில் அடைபட்டுவிட்டது: 1791 கோடையில் புரட்சி அரசு பிரெஞ்சுப் படையின் ஐரிஷ் படையணியைத் தனி அமைப்பாக இல்லாமல் ஆக்கிவிட்டது. அயல்நாட்டுக் கல்வியைத் தடுத்த சட்டமோ இன்னும் ஏட்டில் இருந்தது. அது நீங்கியது 1792இல். ஆக, பின்னாளில் பேரரசின் மிகப் புகழ்பெற்ற வழக்குரைஞர்களுள் ஒருவராகப் போகிற பையன் தன் உயர்கல்வியைத் தொடங்கியதே ஒரு சட்டமீறலோடுதான்.

பயணம் சீராக அமையவில்லை. முதலில் லியேஜ் சென்றனர். அங்கே சேர்த்துக்கொள்ளும் வயதைக் கடந்துவிட்டார்கள் என்றார்கள். கெர்ரியிலிருந்து மறு உத்தரவு வரும்வரை லூவேனில் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் டேனியல் தானாகவே அங்குள்ள வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்தான் என்றும், தம்பி மாரிஸ் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்வர். பின்னர் செயிண்ட் ஓமர் கல்லூரி. அங்கிருந்து 1792 தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில் டேனியல் தேர்வு நிலையைப் பெரியப்பாவுக்குத் தெரிவிக்கிறான்: லத்தீன், கிரேக்கம், ஆங்கிலம் மூன்றிலும் இரண்டாமிடம், பிரெஞ்சில் பதினோராமிடம். இந்தக் கடிதங்களின் தொனியைக் கவனிக்கவேண்டும். ஏக்கம் குறைவு, கணக்கு மிகுதி. எந்த ஆசிரியர்களைப் படிக்கிறோம், நடனமும் வாள்வீச்சும் கற்பதற்கு என்ன ஏற்பாடு, என்ன வாங்கவேண்டியிருந்தது, ஏன் வாங்கவேண்டியிருந்தது. மாதக் கடைசியில் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்முன் மனத்துக்குள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும் எங்கள் விடுதி நண்பர்கள் பலருக்கு இந்தத் தொனி அந்நியமாக இராது.

கணக்குக் கேட்கும் வேலையைப் பெரியப்பா மாணவர்களிடம் மட்டும் விட்டுவைக்கவில்லை. இரு பையன்களின் தரத்தைப் பற்றிக் கல்லூரித் தலைவர் ஸ்டேப்பில்டனிடமே எழுதிக் கேட்டார். 1792 ஜனவரியில் வந்த பதில் இன்று படிக்கும்போதும் திடுக்கிடவைக்கிறது. மாரிஸ் நற்பழக்கமுள்ளவன், எல்லோராலும் விரும்பப்படுபவன், திறமையும் குறைவில்லை. ஆனால் சோம்பலும் பொழுதுபோக்கு விருப்பமும் உள்ளவன், கடுமையாக உழைக்கவேண்டிய தொழில் எதற்கும் ஒத்துவரமாட்டான். டேனியலைப் பற்றியோ ஒரே வாக்கியம்: உலகில் குறிப்பிடத்தக்க மனிதனாக இவன் வராவிட்டால், தன் வாழ்நாளில் இதைவிடப் பெரிய தவறான கணிப்பைத் தான் செய்திருக்கமுடியாது என்ற பொருளில். வரலாற்று நூல்கள் இந்த இரண்டாம் பகுதியைக் கொண்டாடுகின்றன. எனக்கு முதற்பகுதியே முக்கியமாகப் படுகிறது. கையிருப்பை இரண்டு விதைகளில் போட்டவர், எது முளைக்கும் எது முளைக்காது என்று முளைவிடும் முன்பே ஆய்வறிக்கை வாங்குகிறார். அந்த ஒரு தாளில் இரண்டு பதின்வயதினரின் வாழ்க்கை பிரிந்தது. மாரிஸ் பின்னர் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, கரிபியத் தீவான செயிண்ட் டொமிங்கோவில் இளம் வயதிலேயே இறந்தான். அவனுக்கு யாரும் வாழ்க்கை வரலாறு எழுதவில்லை.

1792 ஆகஸ்டில் இருவரும் டூவேக்கு மாறினர். பிரான்சு அதற்குள் போரில் இறங்கிவிட்டது. தெருவில் செல்லும் படைவீரர்கள் இவர்களைக் குட்டிச் சேசுசபையினர் என்று ஏளனம் செய்ததைப் பின்னாளில் ஓ'கானல் நினைவுகூர்ந்தார். 1793 ஜனவரி 21ஆம் நாள், பாரிசில் மன்னர் பதினாறாம் லூயியின் தலை விழுந்த அதே நாளில், இரு சகோதரர்களும் டூவேயை விட்டுக் கலேக்குப் புறப்பட்டனர். பாதுகாப்புக்காக மூவண்ணச் சின்னத்தைத் தொப்பியில் குத்திக்கொண்டிருந்தார்கள். கப்பல் நகர்ந்ததும் அதைக் கழற்றிக் கடலில் எறிந்தார்கள். அருகே படகில் வந்த பிரெஞ்சு மீனவர்கள் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு இவர்களைச் சபித்தார்களாம். அதே கப்பலில் ஷியர்ஸ் சகோதரர்கள் என்ற கார்க் நகரத்து வழக்குரைஞர்கள் இருவர், மன்னரின் இரத்தத்தில் நனைத்த கைக்குட்டை ஒன்றைப் பெருமையோடு காட்டிக்கொண்டு வந்தனர். ஐந்தாண்டு கழித்து, 1798 ஜூலையில், அவர்கள் டப்ளினில் தூக்கிலிடப்பட்டார்கள். இரத்தப் புரட்சியை வாழ்நாள் முழுவதும் ஓ'கானல் வெறுத்ததற்கு இந்தப் பயணத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். ஓரளவு உண்மையாகலாம். ஆனால் பெரியப்பாவின் மேசையிலிருந்து பார்த்தால் அன்று நடந்தது வேறு: இரண்டு ஆண்டுகூட முடியாத ஒரு செலவு பாதியில் முறிந்துவிட்டது.

முறிந்ததை ஒட்டவைத்தது மீண்டும் சட்டம்தான். 1792ஆம் ஆண்டுத் தளர்வுச் சட்டம் கத்தோலிக்கர் வழக்குரைஞராகலாம் என்றது. பிரெஞ்சுப் படையின் கதவு மூடிய ஓராண்டுக்குள் டப்ளின் நீதிமன்றத்தின் கதவு திறந்தது. குடும்பம் உடனே திசையை மாற்றிக்கொண்டது. இங்கும் ஒரு வினோதம். அயர்லாந்தில் வழக்குரைஞராக விரும்புகிறவர், எந்த மதத்தினராயினும், லண்டனின் சட்ட விடுதிகளில் குறிப்பிட்ட பருவங்கள் தங்கியிருந்து விருந்துண்ணவேண்டும் என்பது பதினாறாம் நூற்றாண்டு விதி. கடல்கடந்து படிக்காதே என்று ஒரு சட்டம், கடல்கடந்து படித்தே ஆகவேண்டும் என்று இன்னொரு சட்டம். 1794 ஜனவரியில் டேனியல் லிங்கன்ஸ் இன் விடுதியில் சேர்ந்தான்.

லண்டன் டூவேயைவிடப் பன்மடங்கு செலவு வைக்கும் ஊர். பெரியப்பாவின் கடிதங்களில் கோபம் ஏறத் தொடங்குகிறது. டேனியலின் பதில்களில் தற்காப்பு. 1795இல் விடுமுறைக்குக் கெர்ரி வந்தவன் தம் விருப்பமான குதிரையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று அவர் பையனின் வீட்டாருக்கு எழுதிய கடிதம் ஒன்று, ஐரிஷ் அங்கத எழுத்தின் நல்ல மாதிரிகளில் வைக்கத்தக்கது. முயல் கிடக்கும் இடம், நரி வளை, நீர்நாய்க் குகை, ஒரு கல்யாண வீடு என்று அவன் சுற்றிய இடங்களை ஊர்ப்பெயரோடு வரிசையாகச் சொல்லி, பெயரளவுச் சட்ட மாணவனுக்கு எவ்வளவு பயனுள்ள அலுவல்கள் என்று முடிக்கிறார். தம் பணப்பையில் விழுந்த ஓட்டையையும் சொல்லத் தவறவில்லை.

பெரியப்பா அறியாத இன்னொரு செலவும் நடந்துகொண்டிருந்தது. டேனியல் 1795 முதல் எழுதிய நாட்குறிப்பில் அவன் படித்த நூல்களின் தடம் இருக்கிறது: கிப்பன், காட்வின், டாம் பெயின். கத்தோலிக்கக் கல்வி கிடைக்கவேண்டும் என்பதற்காகச் சட்டத்தை மீறி அனுப்பப்பட்டவன், லண்டன் அறையில் பகுத்தறிவாளர்களைப் படித்துச் சில ஆண்டுகள் நம்பிக்கையையே இழந்திருந்தான். பணம் அனுப்புகிறவரால் படிப்பின் திசையை அனுப்பமுடிவதில்லை. பெரியப்பாவின் அரசியலோ மிக எச்சரிக்கையானது. 1796 டிசம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படை பேன்ட்ரி விரிகுடாவுக்கு வந்தபோது, அரசுக்கு விரைந்து தகவல் அனுப்பியவர்களுள் அவரும் ஒருவர். பிரான்சோடு வாழ்நாள் முழுவதும் திருட்டு வணிகம் செய்தவர் பிரெஞ்சுப் படையைக் காட்டிக்கொடுத்ததில் முரண்பாடு எதுவும் இல்லை. பிராந்தி வரலாம், புரட்சி வரக்கூடாது. குத்தகை வசூலிக்கிறவரின் நிலைப்பாடு அதுவாகத்தான் இருக்கமுடியும்.

குத்தகை என்றதும், இந்தக் கதையில் கையெழுத்து இல்லாத ஒரு தரப்பைச் சொல்லவேண்டும். டேனியல் பிறந்ததும், அந்நாட்டு உயர்குடி வழக்கப்படி, தம் குடியானவர் குடும்பம் ஒன்றில் வளர்க்கவிடப்பட்டான். நான்கு வயதுவரை அவன் உண்டது அவர்கள் கஞ்சி, பேசியது அவர்கள் பேசிய ஐரிஷ். செயிண்ட் ஓமரில் லத்தீனில் இரண்டாமிடம் பெற்றவனின் முதல்மொழி அதுதான். அந்தக் குடிசை வீட்டார் டெரினேனுக்கு அளந்த குத்தகையும் உழைப்பும் பெரியப்பாவின் பணப்பைக்குள்தான் போயின. அவர்கள் பிள்ளைகளுக்கு எஞ்சியது வேலியோரப் பள்ளி. அதுவும் ஆசிரியருக்குக் கொடுக்க ஏதாவது இருந்தால். கல்விக்காகக் கடல்கடந்த வீரக்கதைகளில் நான் காணும் குறை இதுவே: தியாகம் செய்த குடும்பம் என்று எழுதுகிறோம், யார் தியாகத்தை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதை எழுதுவதில்லை. வீட்டுக்குள்ளேயும் அதே நிலைதான். கடல்கடந்த படிப்பு மகன்களுக்கு. மகள்களுக்கு ஒதுக்கப்படும் பணம் சீதனம்.

1798 மே 19இல் டேனியல் வழக்குரைஞராகப் பதிவு பெற்றார். முதலாண்டு வருமானம் 58 பவுண்டு என்று அவரே பின்னாளில் சொன்னதுண்டு. 1802இல் வரதட்சணை இல்லாத தூரத்து உறவுப் பெண் மேரியைப் பெரியப்பாவுக்குத் தெரியாமல் மணந்தார். செய்தி தெரிந்ததும் கிழவர் உயிலைத் திருத்தினார். அவர் பார்வையில் அது நியாயமே: பல ஆண்டு முதலீட்டின் கடைசித் தவணை வசதியான பெண்வீட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. 1825இல், தொண்ணூறு வயதைக் கடந்து, அவர் இறந்தபோது டெரினேன் வீடும் நிலமும் டேனியலுக்கு வந்தன. ரொக்கத்தில் மூன்றிலொரு பங்குதான், மற்றவை தம்பிகள் ஜானுக்கும் ஜேம்சுக்கும். அதற்குள் டேனியல் பெருங்கடனில் இருந்தார். 1822இல் மனைவியையும் பிள்ளைகளையும் சில காலம் பிரான்சில் குடிவைத்ததே செலவைக் குறைக்கத்தான். அவர் கையிலிருந்த சம்பாத்தியம் அயர்லாந்து முழுவதிலும் எந்த வழக்குரைஞரும் பொறாமைப்படத்தக்கது என்றபோதிலும்.

பிரெஞ்சுக் கல்லூரிகள் அடைபட்டபின், 1795இல் பிரிட்டிஷ் அரசே பணம் கொடுத்து மேனூத்தில் குருமடம் அமைத்தது. பாரிசில் பூசைக் காணிக்கையில் படித்த உழவர் வீட்டுப் பிள்ளைகளின் அடுத்த தலைமுறை அங்கே சேர்ந்தது; ஆனால் ஓரளவு கையிருப்புள்ள உழவர் வீட்டார்தான், ஏனெனில் குருப்பட்டத்துக்குப் பின் படித்துச் சம்பாதிக்கும் பழைய வழி அங்கே இல்லை. ஓ'கானலின் மகன்கள் 1814இல் சேசுசபையார் கில்டேரில் திறந்த கிளாங்கோஸ் உட் பள்ளியில் படித்தார்கள். டெரினேனிலிருந்து அங்கே போக நான்கு நாள் வண்டிப் பயணம் வேண்டியிருந்திருக்கலாம், படகு வேண்டியிருக்கவில்லை.